தம்பியை மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அவருக்கு 44 வயது, தம்பிக்கு 38. தம்பி டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். அப்பா காலமாகிவிட்டார். 70 வயது அம்மாதான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறார். வளர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பகல்நேர மையத்துக்கு 6 ஆண்டுகளாகப் போய்வருகிறார் தம்பி. முப்பது பேர் வருகிற சின்ன அமைப்பு. இத்தனை வருடமும் அங்கே காகித உறை ஒட்டுவதுதான் அவர் வேலை. வீட்டுக்கு ஒரு புகாரும் வந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் மையத்துக்குப் புதிய ஒருங்கிணைப்பாளர் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் உறுப்பினர் கூட்டம் என்று ஆரம்பித்தார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, யார் எந்த வேலை செய்வது, மாதம் ஒருமுறை வெளியே எங்கே போவது என்று கை தூக்கி முடிவெடுக்கிறார்கள். தம்பி சமையலறை வேலைக்குக் கை தூக்கினார். வீட்டுக்கு வந்து "நான் ஓட்டுப் போட்டேன்" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்றாவது வாரம் காய் நறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலில் வெட்டுப்பட்டு இரண்டு தையல். மையத்திலிருந்து அம்மாவுக்குத் தகவல் வந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. அன்றோடு அம்மா அனுப்புவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு 11 நாள்.

கேள்விகள் இவை. இது மையத்தின் அலட்சியம்தானே, புகார் கொடுக்கலாமா? ஏழு வயதுக் குழந்தையின் மூளை உள்ளவரிடம் முடிவைக் கேட்பதே தப்பில்லையா? எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பவரை அவர்கள் தூண்டிவிட்டிருக்க மாட்டார்களா? இரவில் அறைக்குள் தனக்குத்தானே பேசுகிறார், இது மனநோயின் தொடக்கமா? கடைசியாக, அம்மா காப்பாளர் என்ற முறையில் நிறுத்த முடிவெடுத்தால் அதில் யாரும் தலையிட முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விரல் காயம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன். "தினமும் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு போவான். ஒன்று பக்கத்தில் உட்காருகிற நண்பனுக்காம், அவன் தினமும் மறந்துவிட்டு வருவானாம்." அதற்கு அப்புறம் கடிதம் மறுபடி காயத்துக்குப் போய்விடுகிறது. நான் அந்தப் பேனாவிலிருந்து தொடங்குகிறேன்.

22 ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி உங்கள் தம்பி போன்றவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கழிந்தது. தானாகக் குளிக்கிறாரா, பணம் எண்ணுகிறாரா, கடிகாரம் பார்க்கிறாரா என்று கேட்கும் மதிப்பீட்டுப் படிவங்கள் எங்களிடம் நிறைய உண்டு. இன்னொருவர் எதை மறப்பார் என்று தெரிந்து முதல் நாள் இரவே அதை எடுத்து வைக்கிறாரா என்று கேட்கிற படிவம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வீட்டில் உங்கள் தம்பிக்கு எல்லாம் கிடைக்கிறது. அவர் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. வீட்டில் அவரை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், மையத்தில் அவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். நிறுத்தலாமா வேண்டாமா என்று எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். அதே சமயம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

ஏழு வயது என்ற கணக்கு

"ஏழு வயது மூளை" என்பதை உங்களுக்கு யாரோ ஒரு மருத்துவரோ சோதனை அறிக்கையோ சொல்லியிருக்க வேண்டும். தவறு உங்களுடையது அல்ல. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆல்ஃப்ரெட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905இல் பாரிஸில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். ஒரு குழந்தை எந்த வயதுப் பிள்ளைகளுக்கான கேள்விகள்வரை பதில் சொல்கிறது என்று பார்க்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. வகுப்பறைக்காகச் செய்த அளவுகோல் அது. 38 வயது மனிதர் எந்த வேலை செய்ய விரும்புகிறார், யாரோடு பழக விரும்புகிறார் என்பதை அளக்க அது செய்யப்படவில்லை.

கணக்குப் போடுவதிலும் நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொள்வதிலும் உங்கள் தம்பி ஏழு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு அம்மாவோடு மிச்ச வாழ்க்கையை நடத்தியதில்லை. ஆறு வருடம் தவறாமல் ஒரு வேலைக்குப் போய்வந்ததில்லை. 38 வருட அனுபவம் அவருக்குள் இருக்கிறது. அதை வார்த்தையில் சொல்ல வராதது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதம் முழுக்க அவர் "பையன்". அக்கா தம்பியை "அவன்" என்பதும், "வாடா" என்பதும் பாசம். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மையத்துக்குப் புதிதாக வரும் இருபது வயதுத் தன்னார்வலர் அவரை "வாடா, போடா" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படி நடப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். முடி நரைக்கத் தொடங்கியவரை "என்ன செல்லம், சாப்பிட்டியா?" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் நம் மொழியில் "அவர்" என்று ஒருவரைச் சொல்லத் தொடங்கியதும் அவரிடம் கேட்கிற கேள்விகளும் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில் முழுக்க நான் "அவர்" என்றே எழுதுகிறேன்.

"ஆமாம்" என்றால் சம்மதமா?

இந்த விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அறிவுசார் குறைபாடு உள்ள பலர், கேட்பவரைத் திருப்திப்படுத்த "ஆமாம்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். எங்கள் துறையில் 1980களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். "சமையலறை வேலை பிடித்திருக்கிறதா?" என்றால் ஆமாம். "உறை ஒட்டுவது பிடித்திருக்கிறதா?" என்றாலும் ஆமாம். சின்ன வயதிலிருந்து "இல்லை" என்று சொன்னபோதெல்லாம் திட்டு வாங்கியவர்களிடம் இது அதிகம்.

அதற்காகக் கேட்காமல் விட முடியாது, கேட்கும் முறையை மாற்ற வேண்டும். இரண்டு வேலைகளின் புகைப்படங்களை எடுத்து மேசைமேல் வையுங்கள். "எது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். அந்தப் பத்து விநாடி நமக்கு நீளமாகத் தெரியும், அவருக்கு அது தேவை. அடுத்த நாள் படங்களை இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். மூன்றாவது நாள் மையத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொருவர் கேட்கட்டும். மூன்று முறையும் ஒரே படத்தைத் தொட்டால் அது பெரும்பாலும் அவருடைய சொந்த விருப்பமாகத்தான் இருக்கும். வார்த்தையைவிட நடத்தையையும் பாருங்கள். சமையலறை வேலை இருந்த மூன்று வாரமும் காலையில் எழுப்பாமலே எழுந்துவிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் உறை ஒட்டியபோது அப்படி எழுந்ததாகக் கடிதத்தில் இல்லை.

உறுப்பினர் கூட்டம் என்பது அந்த ஒருங்கிணைப்பாளரின் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1968இல் சுவீடனில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று பேசினார்கள். 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அப்படிக் கூடியவர்கள், எங்களைக் குறைபாட்டால் அடையாளம் காட்டாதீர்கள், முதலில் நாங்கள் மனிதர்கள் என்றார்கள். அதுவே பல நாடுகளில் இயக்கமாகப் பரவியது. உங்கள் தம்பி தூக்கிய கைக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

காயம்: எது தவறு, எது தவறில்லை

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

கத்தி பிடித்தவர் விரலில் வெட்டுப்பட்டது முதலாவது. அதுமட்டும் அலட்சியம் ஆகாது. சமையல் கற்றுக்கொண்ட எல்லோர் கையிலும் ஒரு தழும்பு உண்டு, உங்கள் கையிலும் இருக்கும். 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் இதைப் பற்றி எழுதினார்: சாதாரண மனிதர் எதிர்கொள்கிற நியாயமான ஆபத்தைக்கூட ஒருவருக்கு மறுத்தால், அவருடைய மாண்பையே மறுக்கிறோம். இன்றும் எங்கள் துறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் கருத்து அது.

கத்தியைக் கொடுக்குமுன் என்ன தயாரிப்பு செய்தார்கள் என்பது இரண்டாவது. இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை இறுக்கம் குறைவு, விரல்கள் குட்டையாக இருக்கும், பார்வைக் குறையும் பரவலாக உண்டு. மெல்லிய பிடியுள்ள கத்தி கையில் நிற்காது. தடித்த பிடி, வழுக்காத பலகை, மற்றக் கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை என்று சுலபமாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. நல்ல பயிற்சியாளர் "நறுக்கு" என்று ஒரே வேலையாகச் சொல்லிக்கொடுக்க மாட்டார். காயைப் பிடி, விரலை மடக்கு, கத்தியை வை, அழுத்து, கத்தியைக் கீழே வை என்று ஐந்து வேலையாகப் பிரித்து, முதலில் வாழைப்பழம் மாதிரி மென்மையானதில் பழக்கி, பிறகுதான் கடினமானதைத் தருவார்.

மூன்றாவது, ஒன்றரை மணி நேரத் தாமதம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, அது தவறு. முதலுதவி செய்த உடனே வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். "அவர் அழவே இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று மையம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் வலியைத் தாமதமாகவோ வேறு விதமாகவோ வெளிக்காட்டலாம். அழவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன் ஒரு சந்திப்புக் கேளுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேச வேண்டாம். கேட்க வேண்டியவை:

- அன்று நடந்தது எழுத்தில் பதிவாகியிருக்கிறதா? நகல் கிடைக்குமா?
- அந்த நேரம் சமையலறையில் எத்தனை பேர், பார்த்துக்கொள்ள எத்தனை ஊழியர்?
- கத்தி கொடுக்குமுன் எத்தனை நாள், எப்படிப் பயிற்சி கொடுத்தார்கள்?
- இனி அடிபட்டால் வீட்டுக்கு யார் சொல்வது, எத்தனை நிமிடத்துக்குள்?
- ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் சேர்க்குமுன் எப்படி விசாரிக்கிறார்கள்?
- ஒரு உறுப்பினருக்கு ஊழியர்மேலேயே குறை இருந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வது?
- குடும்பத்தினர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா?

கடைசி மூன்றும் காயத்துக்குச் சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றும். எனக்கு அவைதான் முக்கியம். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மாற்றுத்திறனாளிகளான பெரியவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.5 மடங்கு அதிகம். நீங்கள் பயப்பட வேண்டியது காய் நறுக்கும் கத்தியைவிட இதற்குத்தான். இதற்கெதிராக நமக்கு இருக்கிற நல்ல பாதுகாப்புகளில் ஒன்று அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம். சின்ன விஷயத்தில் "எனக்கு இது வேண்டாம்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிப் பழகியவருக்குத்தான் பெரிய விஷயத்திலும் சொல்ல வாய் வரும். சொன்னதெல்லாம் கேட்டுப் பழகியவரை யாரும் சுலபமாக ஏமாற்றலாம். வீட்டோடு வைத்துக்கொண்டால் அவரைப் பார்க்கிற கண்கள் குறையும், அவர் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்களும் குறைவார்கள்.

திருப்தியான பதில் வராவிட்டால், அல்லது "இதெல்லாம் நீங்கள் கேட்கக் கூடாது" என்றால், அப்போது எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த மையத்துக்கு உரிமம் தரும் அரசுத் துறைக்கும் அனுப்பலாம். பதில் நேர்மையாக இருந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

இரவில் பேசிக்கொள்வது

பயப்படாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் மிகப் பலர் தனியாக இருக்கும்போது தங்களோடு பேசிக்கொள்வார்கள். பகலில் நடந்ததை இரவில் ஓட்டிப் பார்ப்பது, நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பது, சண்டை போட்டவரோடு சமாதானம் பேசிக்கொள்வது என்று அதற்கு நிறைய வேலை உண்டு. நாம் மனதுக்குள் செய்வதை அவர்கள் வாய்விட்டுச் செய்கிறார்கள். கூட்டம் ஆரம்பித்த பிறகு இது அதிகமாகியிருக்கிறது என்றால், அவருக்கு யோசிக்க நிறைய விஷயம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அறைக்கு வெளியே நின்று கேட்காதீர்கள். அது அவருடைய தனிமை.

எப்போது கவனிக்க வேண்டும்? பேச்சின் தொனி திடீரென்று கோபமாகவோ பயமாகவோ மாறினால், ஆட்கள் முன்னாலும் தொடர்ந்தால், கூடவே சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், முன்பு செய்த வேலையை மறந்தால். அப்படி இருந்தாலும் மனநோய் என்று முடிவுகட்டுமுன் உடம்பைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, காது மந்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது மூன்றும் இவர்களிடம் அடிக்கடி காணப்படுபவை. மூன்றுமே மனச்சோர்வு மாதிரியே தெரியும். தைராய்டு பரிசோதனை வருடம் ஒருமுறை செய்ய வேண்டும். எப்போது கடைசியாகச் செய்தீர்கள் என்று பாருங்கள். டவுன் சிண்ட்ரோமில் 40 வயதுக்குள் அநேகமாக எல்லோர் மூளையிலும் அல்சைமர் நோய்க்கான மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அறிகுறிகள் தெரிவது பெரும்பாலும் 50களில். அதனால் அவர் நன்றாக இருக்கும் இப்போதே நினைவாற்றலை ஒருமுறை மதிப்பிட்டுப் பதிவு செய்துகொண்டால், பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அம்மாவின் உரிமை, அம்மாவின் பயம்

பெரும்பாலான நாடுகளில் ஒருவருக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வக் காப்பாளராக இருப்பது முடிந்துவிடும். அதற்குப் பிறகு காப்பாளர் என்பது அதற்குரிய அமைப்போ நீதிமன்றமோ எழுத்தில் நியமித்தால்தான். உங்கள் அம்மாவிடம் அப்படி ஓர் ஆணை இருக்கிறதா, இருந்தால் எதற்கெல்லாம் அது செல்லும் என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் 12ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு, முடிவெடுக்க உதவி வேண்டுமானால் அந்த உதவியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. 19ஆவது பிரிவு, ஒதுக்கிவைக்கப்படாமல் சமூகத்தில் கலந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. இவை ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பது வேறுபடும்.

ஆனால் சட்டத்தைக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைக்காதீர்கள். 38 வருடம் அவரைச் சுமந்தவர் அவர். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே 25 வயதை ஒட்டித்தான் இருந்தது. உங்கள் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, "ரொம்ப நாள் இருக்க மாட்டான், இருக்கிறவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது அம்மாவிடம் சொல்லியிருக்கவும் கூடும். அப்படியொரு வார்த்தையைக் கேட்டவர் கத்தி என்றால் நடுங்கத்தானே செய்வார்? இன்றைக்கு அந்தச் சராசரி 60 வயதை ஒட்டி வந்திருக்கிறது. அம்மாவுக்குப் பின்னும் உங்கள் தம்பிக்கு நீண்ட வாழ்க்கை இருக்கலாம். அந்த வாழ்க்கையில் அவருக்கு யாரெல்லாம் வேண்டும் என்பதை அம்மாவிடம் மெதுவாகப் பேசுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் போதாது. உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, உங்களுக்கும் வயதாகும்.

முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். தம்பியின் அனுமதி கேட்டு, கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்காரவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படிப் போய் உட்கார்ந்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மகள் எழுந்து நின்று, வேனில் தன் இருக்கையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அந்தத் தாய் வெளியே வந்து என்னிடம், "இவ்வளவு நாள் அந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே எனக்குத் தெரியாது" என்றார்.

கூட்டத்திலும் குறைகள் இருக்கும். சத்தமாகப் பேசுபவர் சொன்னதே நடக்கும் நாட்கள் உண்டு. பேசவே முடியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். படம் காட்டுகிறார்களா, அட்டை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இதில் அக்கறை காட்டும் குடும்பத்தினர் மையத்துக்கும் தேவை. குறைகேட்கும் குழு ஒன்று அங்கே இருந்தால் நீங்களே அதில் சேரலாம்.

சந்திப்புக்கு நாள் கிடைக்க ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் ஒன்று செய்யுங்கள். தம்பி ஏன் 11 நாளாகப் போகவில்லை என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? கடிதத்தில் அது இல்லை. காய் நறுக்கியதற்குத் தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். தண்டனை இல்லை, விரல் ஆறவும் மையத்தில் பேசவும் கொஞ்ச நாள் வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நாட்காட்டியில் திரும்பப் போகும் நாளை அவரையே வட்டம் போடச் சொல்லுங்கள். அப்புறம், அந்த நண்பரின் வீட்டு எண்ணை மையத்தில் கேட்டு வாங்கி, இன்று சாயங்காலமே ஃபோன் போட்டுக் கொடுங்கள். பேனா ஏன் வரவில்லை என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.